பாக்கியமேரி அக்காவின் விண்ணப்பம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாக்கியமேரி அக்காவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் போதும், கண்டாச்சிபுரத்திலிருந்துகூட சான்றிதழ் பையோடு வந்து நிற்பார்கள். பேராசிரியர் வேலையோ டிரைவர் வேலையோ, ஃபாரம் நிரப்புவது அக்காதான். கெஸ்ட் லெக்சரராக ஒன்பது வருஷம் ஓட்டிவிட்ட நானும் அங்கேதான் நாலு முறை விண்ணப்பித்தேன். ஒரு பிழை இருந்ததில்லை. வேலையும் கிடைத்ததில்லை, அது என் ராசி.

அடிக்கடி சிம் மாற்றுகிற ஆள் என்று தெரிந்தால், அக்கா தன் நம்பரையே போட்டுவிடுவார். "நீ நம்பர மாத்திக்கினே இருப்ப. மெசேஜ் எனக்கு வரட்டும், நான் சொல்றேன்." நல்ல சேதி வந்தால் ஆளை வரவழைத்து, "மொதல்ல உக்காரு" என்பார். வேலை கிடைத்துவிட்டது என்று அதிலேயே புரிந்துவிடும்.

அவரும் நூலக அறிவியல் படித்தவர். நூலக உதவியாளர் வேலைக்கு இரண்டு முறை அறிவிப்பு வந்தும், வரிசையில் நின்றவர்களுக்கு நிரப்பி முடிப்பதற்குள் தேதி போய்விட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

கடைசி நாள், மாலை நாலரை. ஐந்துக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, வரிசையை மறித்து நின்றேன்.

"அக்கா, மொதல்ல உங்களுத முடிங்க."

நிரப்பினார். 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது கணினி. இந்த முறை புது விதி, ஒரு எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தானாம். போன வாரம் கூட்டேரிப்பட்டு பச்சைமுத்துவின் டிரைவர் விண்ணப்பத்துக்கு அக்கா தன் நம்பரைத்தான் போட்டிருந்தார். என் நம்பரில் என் விண்ணப்பம். அக்காவின் வீட்டுக்காரர் போன் அணைந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் விண்ணப்பிக்க வந்தவர்கள், யாரிடம் கேட்பது? அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் எடுக்க வந்து ஓரமாக நின்றிருந்த பச்சைமுத்து முன்னால் வந்தான்.

"அக்கா, என் நம்பரு சும்மாதான கெடக்குது? மூணு மாசமா மாத்தல, சத்தியமா!"

அவன் போனுக்கு ஓடிபி வந்தது. அவன் உரக்கப் படிக்க, அக்கா தட்ட, நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இனிமே இந்த சிம்ம மாத்தின, தோல உரிச்சிடுவேன்" என்றார் அக்கா.

மாற்றவில்லை, பிழைத்தான். தேர்வும் நேர்காணலும் முடிந்து, சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தான். கடையில் வழக்கம்போல் கூட்டம்.

"அக்கா, மொதல்ல உக்காருக்கா!"

"உக்காந்துக்கினுதானடா இருக்கேன்."

"அப்ப எழுந்திரு. லைப்ரரில உனக்குச் சேர் போட்டுட்டாங்க."

வரிசை முழுக்கக் கைதட்டியது. அக்கா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த ஃபாரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.