தலை தீபாவளியில் கழுதை ஆட்டம்

1997 ஐப்பசியில் தலை தீபாவளிக்காகப் பிள்ளையார்பாளையத்தில் என் மாமனார் வீட்டுக்குப் போனபோது, சீட்டுக்கட்டில் எது ஆட்டின், எது டைமன் என்று எனக்குத் தெரியாது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் தேடிப் படித்தவன், சீட்டை மட்டும் தொட்டதில்லை. பண்டிகைக்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் ஈரம் ஏறிவிட்டதால் வீட்டில் யாருக்கும் நெசவு வேலை இல்லை. மாமனார், மாமியார், என் மனைவி, நான் என்று நான்கு பேரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

ஆட்டத்தின் பெயர் கழுதை. விதிகளை மனைவிதான் சொன்னாள். கட்டு முழுவதையும் பங்கிட வேண்டும். ஒருவர் ஆட்டின் இறக்கினால் மற்றவர்களும் ஆட்டினே போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஒழிந்தன. பெரிய சீட்டுக்காரர் அடுத்து இறக்குவார். ஆட்டின் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டியதும் சுற்று அங்கேயே நின்றுவிடும். அதுவரை பெரிய ஆட்டின் போட்டவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு மிஞ்சுபவர் கழுதை.

இரண்டு நாளில் தேறிவிட்டதாக நினைத்தேன். நான் ஒரு முறைகூடக் கழுதை ஆகவில்லை. எல்லா ஆட்டத்திலும் என் மனைவியே ஆனாள். நான் ராஜா போட்டால் பக்கத்தில் இருக்கும் அவள் ஆஸ் போடுவாள், அடுத்து மாமியார் வெட்டுவார், குவியல் அவளிடம் போகும். பெரிய சீட்டுகளைக் கடைசிவரை வைத்திருக்கக் கூடாது, எல்லோர் கையிலும் ஆட்டின் இருக்கும்போதே ஆட்டின் ஆஸை விட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு உதாரணங்களோடு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

அடுத்த நாள், தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா வந்தார். மாமியார் அடுப்படிக்குப் போக, அக்கா எனக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தார். நான் டைமன் ராணியை இறக்கினேன். அக்கா ஒரு கிளாவரைப் போட்டார்.

“வெட்டு. அள்ளிக்கோங்க மாப்பிள்ள.”

மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். “ஏன்டி, மாப்பிள்ளையப் போயி வெட்டுறியே. அப்புறம் அவர கழுதைன்னு சொல்லுவியா?”

“பின்ன எதுக்கும்மா இந்த ஆட்டத்த ஆடிக்கினு இருக்கீங்க? ரெண்டு நாளா யாரு கழுதையாம்?”

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் எப்போதும் ஒரு ஆஸ் மிச்சம் இருந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. என்மேல் விழ வேண்டிய வெட்டை, பெரிய சீட்டைப் போட்டுத் தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத்தான் நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இதை இப்படியே விட்டால் காலம் முழுக்க என்னிடம் தோற்றுக்கொண்டே இருப்பாள் என்று பயம் வந்தது. சீட்டைக் கலைத்துப் போட்டு, நிஜமாக ஆடு என்றேன்.

“கோவிச்சிக்க மாட்டீங்களே?”

ஆவணியிலிருந்து என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் அப்படிக் கேட்டதுதான் பெரிய அடி. மாட்டேன் என்றேன். மாமனார் இதைக் கண்ணால் பார்க்க விரும்பாமல், குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அக்கா முதலில் தப்பினார். பிறகு நாங்கள் இருவர்தான். என் கைக்குள் எட்டிப் பார்த்தவள்போல் ஆடினாள். அவள் கை காலியானபோது என்னிடம் பாதிக் கட்டு இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

“ஆட்டின் தனியா, டைமன் தனியா, பெருசெல்லாம் இடது பக்கம், சிறுசெல்லாம் வலது பக்கம்னு அடுக்கி வச்சிக்கினு இருக்கீங்க. எங்கேர்ந்து உருவுறீங்கன்னு பாத்தா போதும்.”

மாமியாரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு என்னிடம் சொன்னாள்:

“நீங்கதாங்க கழுதை.”