குடை பிடித்தவனுக்கு விழுந்த ஓட்டு

தியாகதுருகம் கடைத்தெருவில் அவன் குடை பிடித்ததை நான் நேரில் பார்த்தவன். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

எங்கள் கிணற்று மோட்டார் புகைந்துபோய், புதுக் கம்பிச்சுருள் கட்டக் கொடுத்திருந்தேன். அதை வாங்கப் போனபோது பட்டறைக்காரர் இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார். சித்திரை வெயில். கடை நிழலில் ஒதுங்கி நின்றேன். எதிரே ஓர் அம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் கட்சிக்கு எதிராக நின்ற வேட்பாளரின் வண்டி வந்து நின்றது.

இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, அளவாக வெட்டிய தாடி. கரைவேட்டி இல்லை, துண்டு இல்லை. ஒரு குடையை விரித்து அந்த அம்மாளின் தலைக்கு மேல் பிடித்தான். வீடியோ எடுத்தவன், "சார், மூஞ்சில நிழல் வுழுது, இன்னொரு தரம் வாங்க" என்றான். அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறி, மறுபடி இறங்கி வந்தான். இந்தத் தடவை அம்மாள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அவர நிமிந்து பாருங்க." மூன்றாவது தடவை சரியாக வந்தது. குடையை மடக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பிஞ்சுகூட வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரை ஏற்றிக்கொண்டு நைனார்பாளையம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ என் மனைவியின் செல்போனுக்கு வந்துவிட்டது. பின்னால் பாட்டு வேறு. அவள் கண் கலங்கியிருந்தது.

"இத மூணு தரம் எடுத்தாங்க. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றேன்.

அவள் போனைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மூணு தரம் புடிச்சார் இல்ல? உங்க ஆளு ஒரு தரமாவது புடிச்சாரா?"

 எங்கள் ஆள் ஒரு தரம்கூடப் பிடிக்கவில்லை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

எங்கள் மாதா கோயில் தெருவில் எல்லாரும் ஒரே சின்னம். என் அப்பா சுண்ணாம்பு குழைத்துச் சுவரில் வரைந்த சின்னம் அது. நாலு தேர்தலாக நான்தான் பூத் ஏஜெண்ட். அவன் நின்ற கட்சியின் பேரை எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் நோட்டீஸ் கொடுக்கப் போனால், கூடப் படித்தவனே, "கட்சியப் பாக்காத, ஆளப் பாரு. எப்புடி இருக்காரு பாரு" என்றான். ஆள் எப்படி இருக்கிறான் என்பதற்கும் எங்கள் ஏரிக்கு வரத்து வாய்க்கால் வெட்டுவதற்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்தான். எங்கள் வேட்பாளரோ காரின் கண்ணாடியை இறக்காமல் கும்பிட்டபடி எங்கள் தெருவைக் கடந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

எங்கள் மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்க ஒரு பெண் வருவாள். கல்வராயன் மலைக்காரி. புருஷனோடு கரும்பு வெட்ட இறங்கி வந்தவள், ஊர்க்கோடியில் வீடு போட்டுத் தங்கிவிட்டாள். ஓட்டும் இங்கேதான். வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வருவதும் அவள்தான். அவளிடமும் குடைக் கதையைச் சொன்னேன். களைக்கொட்டால் கொத்துவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க மலைக்கு ஓட்டு கேக்க வந்தவங்க வண்டிய வுட்டு எறங்கி நான் பாத்ததே இல்லண்ணா. இவரு எறங்குறாரு. மூஞ்சியப் பாத்தாலும் பொய் சொல்றவரு மாதிரி தெரியல."

"என் கொல்லையில வேல செஞ்சிக்கினு அவனுக்கா ஓட்டுப் போடுவ?"

அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சாலுக்கு நகர்ந்தாள். கூட இருந்த பெண்களும் அவள் பின்னால் போனார்கள். 

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூடத்தில் காலையிலேயே வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது. நான் வாக்காளர் பட்டியலோடு ஏஜெண்டுகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. விரலில் மை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மறைப்புக்குப் போனார்கள். கூடப் படித்தவன் என்னைத் தாண்டும்போது மட்டும் லேசாகச் சிரித்தான். என் மனைவி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஈஸ்டருக்கு எடுத்த சேலை. அவள் எதை அமுக்கினாள் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை.

பத்து மணிக்கு மேல் மலைக்காரி வந்தாள். அவள் அட்டையிலிருந்த போட்டோ பழசு. அதில் கன்னம் உப்பிய சின்னப் பெண். எதிரே நின்றவள் வெயிலில் வற்றிப்போனவள். அலுவலர் அவள் பேரைப் படித்தார். நான் எழுந்தேன்.

"ஆட்சேபணை. இது அவங்க இல்ல."

பெஞ்சிலிருந்த மற்ற ஏஜெண்டுகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஆட்சேபணை சொல்ல ரெண்டு ரூபாய் கட்ட வேண்டும். சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். தலைமை அலுவலர் வெளியூர்க்காரர். பேனாவை மூடிவிட்டு என்னைக் கேட்டார்.

"இந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்திருப்பாள் போல. பிறகு அவள் முகம் மாறியது.

"இன்னாண்ணா, போன வாரம் உங்க கொல்லியிலதானே களை எடுத்தேன்? அக்கா கையால மோர் வாங்கிக் குடிச்சேனே?"

நான் பட்டியலைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.  புருஷன் பேர், வீட்டுக்கு அடையாளம், பிள்ளை படிக்கும் வகுப்பு என்று கேட்காததையெல்லாம் சொன்னாள். என் கட்சிக்கு எப்போதும் எதிராக வேலை செய்யும் ஏஜெண்ட்தான் எழுந்து, "சார், இவங்கள ஊருக்கே தெரியும். இவருக்கும் தெரியும்" என்றான். கிராம உதவியாளரும் அதையே சொன்னார். அலுவலர் என் ஆட்சேபணையைத் தள்ளிவிட்டு, "பெரிய மனுசன் செய்ற வேலையா இது?" என்றார். அவள் மை வைத்துக்கொண்டாள். மறைப்புக்குள் போய் வர வெகுநேரம் ஆனது. வெளியே போகும்போது அழுதுகொண்டிருந்தாள்.

 நாலு நாள் கழித்து என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அவன் நடிச்சான்னு சொன்னீங்களே, நீங்க இன்னா செஞ்சீங்க?"

அவன்தான் ஜெயித்தான். எங்கள் பூத்திலும் அவனுக்குத்தான் ஜாஸ்தி. நன்றி சொல்ல ஜீப்பில் நின்றபடி வந்தான். கைகூப்பினான், சிரித்தான், போனான். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. வாய்க்கால் அப்படியே கிடக்கிறது. இதை நான் மனைவியிடம் எத்தனை ருசியோடு சொன்னேன் தெரியுமா? அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "வரலன்னா அடுத்த தரம் வேற ஆளு. உங்கள மாதிரி ஆயுசுக்கும் எழுதிக் குடுக்கணுமா?" என்றாள்.

மலைக்காரி எங்கள் கொல்லைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் கூட வந்த பெண்களும் வரவில்லை. நானும் மனைவியும்தான் களையெடுத்தோம், அவள் ஒரு கோடியில், நான் மறு கோடியில். கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். பங்குச் சாமியார் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆவணியில் மலைக்காரி மலைமேலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கள்ளக்குறிச்சிக்குப் போய் வெள்ளிமலை பஸ் ஏறினேன். விசாரித்து இறங்கி நடந்தேன். அவள் அண்ணன் நிலத்தில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க. இங்க வந்து தனியா சொல்றீங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டாள்.

பஸ்ஸில் மலையிறங்கி வரும்போது அவள்மேலும் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் போனேனே என்று. அந்தக் கோபம் தணிய ஒரு மாதம் ஆனது.

புரட்டாசியில் ஒரு நாள் ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி அவள் நின்றாள். கூடப் படித்தவனும் இருந்தான்.  "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றேன். "எலக்சன் அன்னிக்கு இவங்கள தெரியாதுன்னு சொன்னது பொய். ஓட்டு எங்களுக்கு வுழாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கடைக்காரர் எடைபோடுவதை நிறுத்தவில்லை. அவள் அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "சரி" என்றாள். "சரிண்ணா" இல்லை, வெறும் "சரி". என்னைத் தாண்டி நடந்தாள்.

இப்போது பக்கத்து ஊர்க்காரர் கொல்லைக்கு வேலைக்குப் போகிறாள். எதிரில் பார்த்தால் ஒதுங்கிப் போவதில்லை, நின்று பேசுவதும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஏஜெண்டாக உட்காரச் சொல்லிக் கட்சியிலிருந்து ஆள் வந்தார்கள். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன்.