செம்பருத்தி இலையில் கருப்புத் தாள்

எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் வீட்டில் சூனியம் வைத்தார்கள். வைத்தது நான்தான்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்தளத்தில் அப்போது குடியிருந்தோம். முன்னறையில் நாங்கள், பின்னறையில் சித்தப்பாவும், ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடமே ஆகியிருந்த சித்தியும். சமையற்கட்டை ஒட்டிய திறந்த மாடத்தில், பிஸ்கட் தகரத்தில் அம்மா ஒரு செம்பருத்தி வளர்த்தார். வெள்ளிக்கிழமை பூசைக்கு அதன் பூதான்.

இலை வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்னார். "நான் சொன்னதற்காக நம்பாதீர்கள், செய்து பாருங்கள்" என்றும் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. சித்தப்பா புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தார். ஃபிலிம் சுருளோடு வரும் கருப்புத் தாள் அவர் அறைக் குப்பையில் எப்போதும் கிடக்கும். அதைப் பட்டையாக நறுக்கி, மூன்று இலைகளின் நடுவே மேலும் கீழும் மூடி, குண்டூசி குத்தி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொல்வதுதான் அறிவியல் என்று எண்ணம்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்தபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சித்தி அழுதுகொண்டிருந்தார்.

"பூப் பறிக்கப் போனா செடியில கருப்புத் தாளு, ஊசி. அந்தத் தாளு வேற யாரு ரூம்ல இருக்கு?" என்றார் அம்மா. "பிள்ளை இல்லாத வயித்தெரிச்சல்."

"நான்தாம்மா வெச்சேன். பள்ளிக்கூடப் பாடம்."

"அவளைக் காப்பாத்தப் பொய் சொல்லாதடி."

எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. கையில் நிரூபணம் இருக்கும்போது எதற்குப் பயம்? அடுப்பை மூட்டி, ஓர் இலையைப் பறித்துத் தாளைக் கழற்றிக் கொதிநீரில் போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் ஊற்றிய டம்ளரில் இலையை இட்டு அந்தச் சுடுநீருக்குள் நிறுத்தினேன். பச்சை முழுவதும் ஸ்பிரிட்டில் இறங்கி, இலை வெளுத்தது. அலசித் தட்டில் விரித்து, காயத்துக்குப் போடும் அயோடினைச் சொட்டினேன். இலை நீலக் கருப்பாக மாறியது. தாள் மூடியிருந்த நடுப்பட்டை மட்டும் வெளிறியே கிடந்தது.

"கருப்பானது மாவு, பாருங்கம்மா. காத்தையும் தண்ணியையும் வெச்சு வெயில்ல சமைக்குது. வெயிலோட சக்தி அந்த மாவுக்குள்ள போய் உக்காந்துக்குது. மூடின இடத்துல சமையல் இல்ல."

அம்மாவின் முகம் இளகவில்லை. காலைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து அதிலும் ஒரு சொட்டு விட்டேன். அதே கருப்பு.

"நாம சாப்பிடறதும் அந்த வெயிலத்தான்."

அம்மா இலையையும் பருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து அடுப்பை மூட்டித் தேநீர் போட்டார். பின்னறைக் கதவைத் தட்டி, "வா, வந்து குடி" என்றார். சித்தி வந்து குடித்தார். தட்டில் கிடந்த இலையை ஒருமுறை பார்த்தார். என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். வழக்கில் வென்ற வக்கீலைப் போல் நான் நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த மாதம் சித்தப்பா நகரத்துக்கு வெளியே பிடோக்கில் ஒரு பலகை வீடு பார்த்தார். லாரியில் சாமான் ஏறும்போது, ஏன் போகிறீர்கள் என்று சித்தியிடம் கேட்டேன்.

"அங்க வெயில் நல்லா விழும்லா. நெறைய செடி வெக்கலாம்."

எவ்வளவு சரியான காரணம்! செம்பருத்தியில் ஒரு கிளை வெட்டி, ஈரத்துணி சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அம்மா படியிறங்கி வரவில்லை. சமையற்கட்டில் வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு, லாரி தெருமுனை திரும்பும்வரை சந்தோஷமாகக் கையசைத்தேன்.