ஒரு தட்டை வெளியிடாமல் வைத்திருந்த சவரிமுத்து

புதுக்கோட்டையிலிருந்து வந்த பேருந்து அரிமளம் கடைவீதியில் நின்றதும், கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அவரும் நம் இசைத்தட்டுச் சந்தாதாரர்தான்.

"டீச்சர், தட்டுக்கடை அண்ணன் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்லையாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவரு வீட்டு அக்கா சொல்லிவிட்டாங்க."

பேருந்து போய்விட்டது. காய்கறிப் பையோடு நின்ற எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இந்தத் தடவைத் தட்டு யார் யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்ற கவலைதான் வந்தது. அது என் கவலை அல்ல, அவருடையது. இத்தனை ஆண்டு அவரோடு வேலை பார்த்ததில் என்னிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சவரிமுத்து அண்ணனை உங்களில் பலருக்குப் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கிராமபோனும் ரேடியோவும் பழுது பார்ப்பவராகத் தெரியும். 'வெள்ளாறு இசைத்தட்டு' என்ற பெயரில் நம் பக்கத்துப் பாட்டுகளைத் தட்டாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். நடவுப் பாட்டையும் நாடகக்காரர்களின் பாட்டையும் பதிவு செய்யுங்கள் என்று அவர் சென்னையில் ஒரு கம்பெனியிடம் கேட்கப் போனார். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை தட்டு வேண்டுமோ அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டினால் அச்சடித்துத் தருவதாக மட்டும் சொன்னார்கள். ஊர் திரும்பியவர் கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார். மாதாமாதம் ஒரு சிறு தொகை சந்தா, வருஷத்துக்கு இரண்டு தட்டு. டீக்கடைக்காரர்கள், நெல் வியாபாரிகள், வாத்தியார்கள், கடற்கரைக்காரர்கள் என்று ஆள் சேர்ந்தது. சந்தாதாரர்களுக்குச் சுற்றறிக்கை எழுத அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. அப்படித்தான் நான் போனேன்.

சந்தா வந்த நாளில் வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கடன்னா திருப்பிக் குடுத்துரலாம் டீச்சர். இவங்க நம்பியில்ல குடுக்குறாங்க. அதை எப்படித் திருப்பிக் குடுக்குறது?" ரயில் பார்சலில் தட்டு வரும் நாட்களில் அவர் ஸ்டேஷனில் வெயில் படாத இடமாகப் பார்த்துப் பெட்டியை இறக்கச் சொல்லிப் போர்ட்டரை ஒரு வழி பண்ணிவிடுவார். அரக்குத் தட்டு வெயிலில் நெளியும், தரையில் விழுந்தால் சில்லுச் சில்லாகப் போகும்.

பூமயில் விஷயம் உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு கார்த்திகைப் புயலில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் பிடிக்கப் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. அதில் போனவர்களில் காளிமுத்து ஒருவர். பூமயில் அவருடைய மனைவி. பல வாரம் பார்த்துவிட்டு, உறவினர் காரியம் முடித்துவிட்டார்கள். அதன்பின் ஒரு சாவு வீட்டில் அவர் தன் கணவனை நினைத்துப் பாடிய ஒப்பாரியைச் சவரிமுத்து அண்ணன் கேட்டார். தட்டில் பாட முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பூமயில் உடனே சரி என்றார்.

"அவுகளுக்கு ஒரு சமாதிகூட இல்லைங்கண்ணே. பாட்டாவது இருக்கட்டும்."

அண்ணனும் அவர் மனைவி மரியம்மாளும் பூமயிலைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்து வந்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை இருந்ததால் நான் போகவில்லை. திரும்பி வந்த மரியம்மாள் அக்கா, "பாட்டு முடிஞ்சப்ப மிஷின்காரரு ரெக்கார்டிங் விளக்கை அணைக்க மறந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார். சுற்றறிக்கையில் நான் அதை எழுதினேன். அதுவரை எந்தத் தட்டுக்கும் இல்லாத அளவுக்குச் சந்தா சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆடி மாதம் தட்டுகள் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை பிரித்துக் கட்டலாம் என்று இருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் பூமயில் மூச்சு வாங்க வந்து கடை வாசலில் நின்றார். நெற்றியில் குங்குமம்.

"அண்ணே, அந்தத் தட்டைப் போட்டுறாதீங்க. அவுக இருக்காக."

நடந்தது இதுதான். சரக்குத் தோணியில் போய்வரும் ஒருவர், இலங்கையில் கள்ளத்தோணிக்காரர்கள் என்று பிடித்து வைத்தவர்களோடு நம் கரைக்காரர்கள் சிலரைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். காளிமுத்து என்ற பெயரையும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் செய்தி. அந்தப் பெயரில் கடற்கரையில் எத்தனையோ பேர்.

"உசுரோட இருக்கவுகளுக்கு ஒப்பாரி ஓடலாமா? நான் பாடுனதே குத்தம்ணே" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து அண்ணன் உள்ளே போய்ப் பெட்டிகள் இருந்த அறையைப் பூட்டிவிட்டு வந்தார். என்னிடம், "சுற்றறிக்கை எழுதுங்க டீச்சர். இப்போதைக்கு இல்லைன்னு எழுதுங்க" என்றார்.

சந்தாதாரர்கள் கொதித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை ஒட்டிய பந்தலில் கூடினோம். வல்லத்திராக்கோட்டையில் டீக்கடை வைத்திருந்த ராமையா முதலில் எழுந்தார்.

"வர்றவன் போறவன்கிட்டெல்லாம் தட்டு வருதுன்னு சொல்லிப்புட்டேன். சந்தா குடுத்தது நாங்க. தட்டு இங்கிட்டு ரூமுக்குள்ள பூட்டிக் கெடக்கு. எவனோ தோணிக்காரன் சொன்னான்னு நிறுத்தி வச்சா, இது என்னங்க நியாயம்?"

அண்ணன் எழுந்து நின்றார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"நியாயம் ஒங்க பக்கந்தாங்க. நான் இல்லைங்கலை. ஆனா அந்தப் புள்ளை பொட்டு வச்சுக்கிட்டுக் கரையில போய் நிக்குது. ஒங்க கடையில அது தாலியறுத்துப் பாடுற பாட்டு ஓடுனா அது காதுக்குப் போகாதா? என்னால முடியாதுங்க."

"அவன் வராமலே போயிட்டா?" என்றார் ராமையா.

"வரலைன்னா, அதுவே வந்து போடுங்கன்னு சொல்லட்டும். நான் போய்க் கேக்க மாட்டேன்."

பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுத்த மாதம் சந்தா பாதியாகக் குறைந்தது. சவரிமுத்து தட்டைச் சென்னைக்கே விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவர் காதில் விழும்படியே பேசினார்கள். வேண்டாம் என்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்காக, கடையில் தெருவே கேட்கும்படி பாடிக்கொண்டிருந்த பெரிய ரேடியோவை விற்றார்.

அந்த மாதங்களில் அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கலெக்டர் ஆபீசுக்கும் கொழும்பில் தெரிந்தவர்களுக்கும் மனு மேல் மனுவாக எழுதச் சொல்வார். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே கையிலிருக்கும் திருகாணி கீழே விழும். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ராத்திரி படுத்தா ஒரு கெட்ட நெனப்பு வருது. அவன் செத்துட்டான்னு நிச்சயமாத் தெரிஞ்சா தட்டைக் குடுத்துரலாமேன்னு. அப்புறம் எந்திரிச்சு ஒக்காந்துக்கிறேன்." எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் காளிமுத்து வந்தார்.

எலும்பும் தோலுமாக, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். புயலில் வள்ளம் இலங்கைக் கரைக்கு அடித்துப் போக, அங்கே பிடிபட்டு, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டதால் யார் விசாரித்தும் ஆள் அகப்படவில்லை. அவருடன் போனவர்களில் இருவர் கடலிலேயே போய்விட்டார்கள். சவரிமுத்து அண்ணன் அவரைத் தொட்டுப் பார்த்தார். தோளை, முழங்கையை, மறுபடி தோளை. காளிமுத்துதான் முதலில் பேசினார்.

"என்னைப் பத்தி ஒரு பாட்டு இருக்காமே. நான் கேக்கலாங்களா?"

"வேண்டாம்" என்று பூமயில் கத்திவிட்டார். என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எதிர்ப்புறச் சுவரோரம் நின்றார். மாட்டுவண்டிகளும் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்த சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. திறந்த கதவு வழியாக, கிராமபோன் பெட்டியின் முன்னால் குனிந்திருந்த காளிமுத்துவின் முதுகு மட்டும் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகம் நனைந்திருந்தது.

"ஏ புள்ளை, இம்புட்டு நல்லவனாவா இருந்தேன் நான்?"

"அது செத்தவனுக்குப் பாடுனது. உசுரோட இருக்கவன் கணக்கு வேற" என்றார் பூமயில். அழுதுகொண்டே சிரித்தார். நடுத்தெருவில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

தட்டுகள் எந்த வீட்டிலும் இருக்க வேண்டாம் என்று பூமயில் கேட்டுக்கொண்டார். ஆனால் அவை சந்தாதாரர்களின் சொத்து. "நான் ஒடைக்க முடியாதும்மா. அவங்களையே வரச் சொல்றேன்" என்றார் அண்ணன். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பினோம். வருவார்களா, வந்தால் என்ன செய்வார்களோ என்று அவர் பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ராமையா வந்தார். தன் தட்டை வாங்கினார். காளிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். "ஆளே குத்துக்கல்லு மாதிரி நிக்கிறான். அழுவுற பாட்டு என்னத்துக்கு?" என்று சொல்லி வாசற்படியில் ஓங்கி அடித்தார். அதன்பிறகு படியில் கறுப்புச் சில்லுகளாகக் குவிந்தன. ஒருவர் மட்டும் தட்டை உறையோடு அக்குளில் வைத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் போனார். அண்ணன் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு தட்டு எங்கே ஓடுகிறதோ என்ற கவலை அவரைக் கடைசிவரை விடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பூமயில், காளிமுத்து வந்தபின் பிறந்த தன் குழந்தைக்குப் பாடும் தாலாட்டைப் பாடிக் கொடுத்தார். சந்தாவை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சவரிமுத்து அண்ணன் அதற்கும் கவலைப்பட்டார். நிம்மதியாக அவர் ஒரு தட்டைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பாட்டு ஓடும்போது மற்றவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒப்பாரி எப்படி இருந்தது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். சுற்றறிக்கை எழுதியவள், தட்டுகளுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைக்கிறார்கள். நான் கேட்டதில்லை என்று சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது எதையோ இழந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை. சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, கேட்காமல் விட்ட அந்தப் பாட்டுதான்.