குடும்பக் குழுவில் நான் போட்ட வீடியோ

அக்கா மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். இன்ஸ்டாகிராமில் சொந்தக்காரர்களில் என்னை மட்டும்தான் சேர்த்திருந்தாள். ஒருநாள் தோழிகளோடு அவள் ஆடிய வீடியோ வந்தது. பெருமை தாங்காமல், "நம்ம பாப்பா" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பெரியவர்கள் காலை வணக்கப் படங்கள் மட்டுமே அனுப்பிக்கொள்ளும் குழு அது.

எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாளே அவளுடைய அப்பா பரமத்தி வேலூரிலிருந்து காரில் வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனார். அவர் அவளைத் திட்டவே இல்லை.

"படிச்சது போதுஞ்சாமி, ஊட்டுக்குப் போலாம் வா" என்றார்.

"பரீட்சை இருக்குதுங்கப்பா."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வழியெல்லாம் அவரிடம் கெஞ்சினேன். "நீ காட்டலீன்னா எங்களுக்கு எப்படித் தெரியும் அம்மணி? நல்ல வேளை" என்று எனக்கு நன்றி சொன்னார். பின்சீட்டில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டே மாதத்தில் கல்யாணம். மேடையில் போட்டோவுக்கு நின்றபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க யாருக்கும் காட்ட மாட்டீங்கன்னு நெனச்சேனுங்க சின்னம்மா."



இப்போது அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. படம் கேட்டால், "யாருக்கும் அனுப்ப வேண்டாம்னு சொல்லீட்டா" என்கிறாள் அக்கா.