கடலில் உமி கொட்டினோம்

உமி, மிதவை வளையத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. டக் என்கிற இழுவைக் கப்பலின் பின்தளத்தில் நின்று அதைப் பார்ப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மதுராந்தகத்து ரைஸ் மில்லில் மூட்டை மூட்டையாக வாங்கி லாரியில் ஏற்றி வந்து, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலில் என் மேற்பார்வையில் கொட்டிய உமி.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் பயிற்சிக்கு நிஜ எண்ணெயைக் கடலில் ஊற்ற முடியாது. எண்ணெயைப் போல மிதக்க வேண்டும், காற்றோடு நகர வேண்டும், மீனுக்குக் கெடுதல் செய்யக் கூடாது. சில இடங்களில் ஆரஞ்சுப் பழம் போடுவார்கள், சில இடங்களில் பாப்கார்ன். நான் அச்சரப்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள். எனக்கு உமிதான் தோன்றியது.

அப்போது நான் ஒரு தனியார் நிறுவனத்தின் சின்ன யூனிட்டில் மாசுத் தடுப்பு அதிகாரி. எஞ்சின் நின்றுபோய்க் கரையை நோக்கி ஒதுங்கும் கப்பலை இழுத்து வருவதும், அதிலிருந்து எண்ணெய் கசிந்தால் பிடிப்பதும் எங்கள் வேலை. நாட்டின் கடற்கரை முழுக்க இந்த இரண்டுக்கும் எவ்வளவு தயாராக இருக்கிறோம் என்று மதிப்பிட ஒரு குழு சுற்றி வந்தது. எங்களிடம் வந்தவர் பரமேஸ்வரன் சார். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், அதிகம் பேசாதவர்.

முந்தின நாள் மாலை எங்கள் மேனேஜர் சேகர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஜெயந்தி, நம்ம யூனிட் சரியில்லனு எழுதிட்டாருன்னா கான்ட்ராக்ட் போயிடும். எல்லாருக்கும் வீட்ல பசங்க படிக்கிறாங்க. பாத்து நடத்துங்க.”

காலையில் முதல் பாதி அருமையாக நடந்தது. பழுதான கப்பலாக நடிக்க ஒரு பார்ஜை, எஞ்சின் இல்லாத தட்டைச் சரக்குப் படகை, நிறுத்தியிருந்தோம். டக்கை ஓட்டுகிற ஸ்கிப்பர் தேவராஜ், காசிமேட்டுக்காரர், ஒரே வீச்சில் கயிறு கொடுத்து அதை ஆழ்கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பரமேஸ்வரன் சார் தலையை ஆட்டினார். சேகர் சார் முகத்தில் சிரிப்பு.

அடுத்தது பூம். எண்ணெயை வளைத்துப் பிடிக்கிற மிதக்கும் தடுப்பு அது. மேலே மிதவை, கீழே தண்ணீருக்குள் தொங்குகிற துணி. அதன் ஒரு முனையை டக்கிலும் மறுமுனையை எங்கள் வேலைப் படகிலும் கட்டி, உமியை நடுவில் வாங்கிக்கொண்டு மெதுவாக நகர வேண்டும். நடக்கிற ஆளை விட மெதுவாக. வேகம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருப்பது துணிக்கு அடியில் நுழைந்து வெளியேறிவிடும்.

அதுதான் நடந்தது. நான் வாக்கிடாக்கியில் கத்தினேன்.

“ஸ்கிப்பர், ஸ்லோ பண்ணுங்க! எல்லாம் அடியில போவுது!”

“இதுக்கு மேல ஸ்லோ இல்ல மேடம்! கிளட்ச்ச வுட்டா நிக்குது, புட்ச்சா ஓடுது. நடுவுல ஒண்ணும் கெடியாது. கப்பல இழுக்குற வண்டி மேடம் இது, கோலம் போடச் சொன்னா எப்டி?”

அவர் சொன்னது நியாயம். டக் நல்ல டக். பூம் நல்ல பூம். இரண்டும் எங்களிடம் இருக்கின்றன என்று வருடா வருடம் எழுதி அனுப்பியிருந்தோம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை.

மதியம் கடல்காற்று எழுந்ததும், தப்பிய உமி நேராகப் பக்கத்துக் குப்பத்தின் கரையில் போய் ஒதுங்கியது. ஈர உமியைக் காற்று வாரி, மணலில் வலை விரித்துக் காயப்போட்டிருந்த நெத்திலி மேல் அப்பியது. நாங்கள் படகில் போய் இறங்கியபோது பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

“இன்னாம்மா இது? கடல்ல நெல்லு குத்துறீங்களா நீங்க?”

“பயிற்சி அக்கா. எண்ணெ கொட்டுனா எப்படிப் புடிக்கிறதுன்னு...”

“புட்சீங்களா?”

அவர் ஒரு கை நெத்திலியை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உமியா இருக்கச் சொல்லோ பொறுக்கிடலாம். எண்ணெயா இருந்தா எங்க போறது நாங்க?”

சேகர் சார் பின்னாலிருந்து மெல்ல, “பெரும்பகுதி புடிச்சாச்சுனு சொல்லிடுங்க” என்றார். பரமேஸ்வரன் சார் என்னைப் பார்த்து, “எவ்வளவு பிடிச்சீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கணத்தில் எனக்கு டக்கில் வேலை செய்கிற பையன்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆனால் உமி என் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பாதிக்கு மேல போயிடுச்சு சார். எங்க டக்கால பூமை இழுக்க முடியாது. சின்ன போட்டு ரெண்டு இருந்தா முடியும்.”

“நிச்சயமா?”

“நாளைக்குக் காலைல காட்டுறேன் சார்.”

பரமேஸ்வரன் சார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்து, நெத்திலியிலிருந்து உமியைப் பொறுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து நான் உட்கார்ந்தேன், தேவராஜ் உட்கார்ந்தார், கடைசியில் சேகர் சாரும். பொழுது சாய்கிற வரை பொறுக்கினோம். கன்னியம்மா திட்டிக்கொண்டே எல்லாருக்கும் டீ வரவழைத்தார். அவர் தம்பியிடமும் மச்சானிடமும் ஃபைபர் போட்டுகள் இருந்தன. கேட்டேன்.

“எடுத்துகினு போங்க. ஆனா ஒரு உமி கரைக்கு வரக் கூடாது, சொல்ட்டேன்.”

மறுநாள் அந்த இரண்டு போட்டுகளும் பூமை இழுத்தன. டக் பார்ஜைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றது. போட்டுக்காரர்கள் முதலில் வேகமாகப் போனார்கள். “மெதுவா, மெதுவா” என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. மூன்றாவது சுற்றில் பிடி கிடைத்தது. மீதமிருந்த மூட்டைகளின் உமி வளையத்துக்குள் பாய் விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. “இப்போ பாருங்க மேடம்!” என்று டக்கிலிருந்து தேவராஜ் ஹாரன் அடித்தார்.

அறிக்கையில் பரமேஸ்வரன் சார் எங்கள் இழுவைத் திறன் நன்று என்றும், மாசுத் தடுப்புத் திறன் போதாது என்றும் எழுதினார். போதாததற்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதினார். கான்ட்ராக்ட் போகவில்லை. மெதுவாக ஓடக்கூடிய இரண்டு சின்னப் படகுகள் எங்களுக்கு வந்தன. குப்பத்து ஆட்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சேகர் சார் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. படகுகள் வந்த அன்று அவரே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

பிறகொரு மழைக்காலத்தில் ஒரு சரக்குக் கப்பல் நிஜமாகவே எஞ்சின் நின்று ஒதுங்கியது. தேவராஜ் கயிறு கொடுத்தார். கசிந்த டீசலைப் படகுகள் வளைத்துக்கொண்டன. வேலை முடிந்து நனைந்த உடையோடு கரையேறியபோது, கன்னியம்மா கூடையோடு எதிரே வந்தார்.

“இன்னா கண்ணு, இந்த மழையில கடல்ல இன்னா வேல?”

கரைக்கு எதுவும் வரவில்லை, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு யாரும் தந்திருக்க முடியாது. உங்களிடம் யாராவது மதிப்பீட்டுக்கு வந்தால், என்னென்ன இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, அவர்கள் கண்முன்னாலேயே ஓட்டிக் காட்டுங்கள். சொதப்பினால் சொதப்பட்டும்.