மேனேஜரின் மடிந்த காது

சின்னவளுக்கு வேலை பெயிண்ட் கடையில். பதினோரு வருஷமாக அதே கவுண்டர், அதே கலர் கலக்கும் மெஷின். சுவருக்கு என்ன நிறம் வேண்டுமென்று வாயால் சொல்லத் தெரியாதவர்கள் ஒரு துணித்துண்டையோ உடைந்த கப்பையோ நீட்டி, "இதே மாதிரி" என்பார்கள். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிடும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பது அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போய்ச் சுவரில் அடித்தபின் நிறம் மாறிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள் இந்தப் பதினோரு வருஷத்தில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் வேறு கடையில் வாங்கியவர்கள்.

அவள் அக்கா பெரியவள் சோபாவுக்கு உறை போடும் பட்டறையில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் எட்டாவதோடு படிப்பை முடித்தவர்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதில் ஜன்னல் இருக்கிற அறையைச் சின்னவளின் படங்கள் பிடித்துக்கொண்டு நாலு வருஷமாகிறது.

ஆரம்பித்தது கீழ் வீட்டுப் பூனையில். டியூப் நசுங்கி விற்காமல் கிடந்த அக்ரிலிக் பெயிண்டைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்தாள். மாடிப்படியில் தினமும் வழிமறித்துப் படுத்திருக்கும் அந்தப் பூனையை ஒரு பிளைவுட் துண்டில் வரைந்தாள். பூனைக்காரி தையல்காரி. படத்தைத் தன் மெஷினுக்கு மேலே மாட்டிவைத்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அளவை மறந்துவிட்டு, இதை யார் போட்டது, எங்கள் வீட்டு நாயைப் போட்டுத் தருவார்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து நாற்பதுக்கு மேல் போட்டாகிவிட்டது. நாய்தான் அதிகம். முயல் மூன்று, ஆமை ஒன்று. ஆமைக்குச் சொந்தக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் சிரித்தபடி இருக்கிறது, எங்களுடையது சிரிக்காது என்றார். ஓட்டைத் தொடாமல் வாயை மட்டும் கால் அங்குலம் இறக்கிக் கொடுத்தாள். அவர் திருப்தியாகப் போனார்.

அவள் வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் போட்டோவைப் போனில் வெட்டுவாள். சோபா, கதவு, குழந்தையின் கால், பின்னால் நிற்கும் மாமா எல்லாம் போகும். மிருகத்தின் முகம் மட்டும் மிச்சம். வேறு எதுவும் கண்ணில் பட்டால் கை அந்தப் பக்கம் இழுக்கும் என்பாள். அப்புறம் கண். கண் வராமல் மற்றது எதையும் தொடமாட்டாள். கலந்த பெயிண்டை மூடி போட்ட டப்பாவில், ஈரத்துணிக்கு மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வைப்பாள், இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் இறுகிப்போகும். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு அட்டையில் தடவி, முடி உலர்த்தும் மெஷினால் காய வைத்துப் பார்த்த பிறகுதான் அது படத்துணிக்குப் போகும். முடியை அது முளைத்திருக்கும் திசையிலேயே, கரும் நிறத்தில் தொடங்கி வெளிர் நிறத்துக்குப் போடுவாள். படத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது பெரியவள். சோபாத் துணியை இழுத்துப் பழகிய கை அது. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும்.

கால்நடை மருத்துவமனை நடத்தும் டாக்டரம்மா கடைக்கு வெள்ளைப் பெயிண்ட் வாங்க வந்தபோதுதான் பேச்சு வந்தது. மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. தீவன மூட்டை அடுக்கியிருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை தடுப்பூசி முகாம், ஊரே நாயைப் பிடித்துக்கொண்டு வரும். கூடத்தில் மூன்று படம் மாட்டிவை. மூன்றும் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த உருப்படியாக இருக்கட்டும். வருகிறவர்கள் பார்த்து இன்னார் வீட்டு மிருகம் என்று சொன்னார்களானால் அந்த அறை உனக்கு, உட்கார்ந்து வரைந்துகொள் என்றார். அறை கிடைத்தால் சின்னவள் கடையை விட்டுவிடுவாள். முகாம் முடிந்த திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும்விட்டாள். கிடைக்கும் என்றுதான் நினைத்தாள்.

ஒரு கண் தெரியாத பூனையும் பச்சைக்கிளியும் முடிந்துவிட்டன. மூன்றாவது மேனேஜர்.

மேனேஜர் என்பது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டு நாய். காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு மாடியாக ஏறி, யார் வேலைக்குக் கிளம்பினார்கள், யார் இன்னும் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குவானாம். அதனால் அந்தப் பெயர். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது பாதியில் மடிந்திருக்கும். மடிந்த காதுப் பக்கம் கண்ணைச் சுற்றி ஒரு பழுப்புத் திட்டு. பதினாலு வயதில் போய்விட்டான், இரண்டு மாசமாகிறது. டிரைவரின் மனைவி இருபத்தாறு போட்டோ அனுப்பியிருந்தார். எல்லாம் அவரே தன் கன்னத்தோடு அவன் கன்னத்தைச் சேர்த்துவைத்து எடுத்தவை. சின்னவள் அவர் கன்னத்தை வெட்டி எடுத்துவிட்டு, பதினோரு சாயங்காலம் உட்கார்ந்து முடித்தாள். பெரியவள் பார்த்துவிட்டு, "கிட்டப் போனா என்னையும் ஏன் லேட்டுனு கேட்பான் போல" என்றாள்.

வியாழக்கிழமை கடை விட்டதும் படத்தை டிரைவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பது சின்னவளின் வழக்கம். முன்னறை சோபாவில் சாய்த்து, சுற்றியிருந்த துணியை எடுத்தாள். டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளாமலே நின்றார். மனைவி சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், மறுபடி சிரித்தார். அப்படியே உரித்துவைத்திருக்கிறாய் என்று சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டோவோடு ஒத்துப் பார்க்கலாமென்று போனை எடுத்துக் காட்டினார். வெட்டாத முழு போட்டோ.

சின்னவள் போனைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

போட்டோவில் சுவர்க் கடிகாரத்துக்கு இடது பக்கம் சமையலறைக் கதவு. அறையில் அதே கடிகாரத்துக்கு வலது பக்கம் கதவு.

வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவள் மட்டும்தான். இரண்டு பேரும் இவ்வளவு சந்தோஷமாக நிற்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பெரியவளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள், அதை அவளே பின்னால் ஒத்துக்கொண்டாள்.

"அம்மா, இந்தப் போட்டோ எல்லாம் முன்பக்கக் கேமராவுல எடுத்ததா?"

"ஆமாம்மா. அப்பதானே அவனும் நானும் எப்படி விழுறோம்னு தெரியும்?"

"உங்க போன் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்தி எடுத்திருக்கு. நான் அதைப் பார்த்து வரைஞ்சிருக்கேன். காது பக்கம் மாறிப்போச்சு."

டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாலு வருஷம் வளர்த்தவனுக்குத் தெரியாதா, எங்கள் மேனேஜர் இப்படித்தான் இருப்பான் என்றார். மனைவியும் இப்படித்தான் என்றார். இரண்டு மாசமாக ராத்திரி பகல் அந்தப் போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சின்னவள் வாதம் செய்யவில்லை. அவன் எங்கே படுப்பான் என்று கேட்டாள். சோபாவின் இந்த ஓரம், தரையில், என் வலது கைக்குக் கீழே, முகத்தை டி.வி. பக்கம் வைத்துக்கொண்டு என்றார் அந்த அம்மா. உட்கார்ந்து காட்டுங்கள் என்றாள். அந்த அம்மா உட்கார்ந்தார். டி.வி.யைப் பார்த்தார். வலது கை தானாகக் கீழே தொங்கியது. விரல்கள் காற்றில் ஒரு காதைத் தேடி, மடிப்பை நிமிர்த்தி, விட்டன. நிமிர்த்தி, விட்டன.

அப்புறம் தன் கையையே பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம்" என்றார் மெதுவாக. "ஆமாங்க. மடிஞ்சது என் பக்கத்துக் காது. படத்துல இருக்கிற மாதிரின்னா அந்தக் காது எனக்கு அந்தாண்டைப் பக்கம் போயிடும்."

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனால் போகிறது, சனிக்கிழமை மாட்ட வேண்டியதாயிற்றே என்றார். "யாருக்கும்மா தெரியப்போகுது? எங்களுக்கே தெரியலையே."

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல சார்" என்றாள் சின்னவள். துணியைச் சுற்றிப் படத்தைத் தூக்கிக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும் பெரியவள் பிடித்துக்கொண்டாள். பதினோரு நாள் வேலையை ஒரே நாளில் செய்ய நீ என்ன மெஷினா, ஒரு நாள் அப்படியே தொங்கட்டும், முகாம் முடிந்ததும் மாற்றிக்கொடு என்றாள். சின்னவள் நடையைக் குறைக்கவில்லை. "அக்கா, பதினோரு நாள்ல பாதி நாள் கலர் தேடினேன். இப்போ கலர் எல்லாம் டப்பாவுல இருக்கு. நாளைக்கு நானும் லீவு, நீயும் லீவு போடு. காய வைக்கிற மெஷினைப் பிடிக்க ஆள் வேணும்" என்றாள். பெரியவள் திட்டிக்கொண்டே லீவு போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முகம், நெஞ்சு இரண்டின் மேலும் வெள்ளையைப் பூசி மறைத்தாள். அக்ரிலிக்கில் இது ஒரு வசதி, காய்ந்துவிட்டால் மேலே எதையும் போடலாம். அடியில் இருப்பது வாயைத் திறக்காது. போட்டோவைப் போனிலேயே இடம் வலம் மாற்றிவைத்துக்கொண்டாள். கண் இரண்டும் முடிய மத்தியானமாகிவிட்டது. மூக்கு, திட்டு, நிமிர்ந்த காது. மடிந்த காதுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்; அங்கே அவசரப்படவே இல்லை. பெரியவள் ஒரு கையில் காற்று மெஷினும் இன்னொரு கையில் சோற்று உருண்டையுமாக நின்று, இவளுக்கு ஊட்டிவிட்டு, வாய் ஓயாமல் டிரைவரையும் அவர் மனைவியையும் போன் கம்பெனியையும் வைதுகொண்டிருந்தாள். வெளிச்சம் போனபோது முகம் முடிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே நெஞ்சு முடி வெறும் அடி நிறத்தோடு நின்றது. சின்னவள் தூரிகையைக் கழுவிவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் நிறம் போடுவதில்லை.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா பார்த்த உடனே கேட்டார்: "நெஞ்சு முடியலையே?"

"முடியலை டாக்டர். முகத்தைத் தப்பா வரைஞ்சிருந்தேன், நேத்து அழிச்சிட்டுத் திரும்ப வரைஞ்சேன். முகம் இப்போ சரி. நெஞ்சை அடுத்த வாரம் முடிப்பேன்."

டாக்டரம்மா ஆணியைக் காட்டினார். சின்னவள் மாட்டினாள்.

கூடம் நிரம்பியது. பூனைக்குச் சொந்தக்காரர்கள் பூனையைக் கண்டுபிடித்தார்கள், அது பெரிய விஷயமில்லை. கிளியை இரண்டு பேர் பக்கத்து வீட்டுக் கிளி என்றார்கள். மேனேஜரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு மணி ஆனது. பெரியவள் நகத்தைக் கடித்தாள். சின்னவள் ஊசிக்குப் பயந்து துள்ளிய ஒரு குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு, அதன் முடி எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மருந்துப் பெட்டி கொண்டுவந்த கூரியர்காரர் வாசலிலேயே நின்றார். பெட்டியைக் கீழே வைக்காமல் இரண்டு அடி பின்னால் போனார்.

"இது டிரைவர் வீட்டு நாய்தானே? இவனா? மாடிக்குப் போகவே விடமாட்டானே. என் பேன்ட் ரெண்டைக் கிழிச்சவன்."

"நல்லாத் தெரியுமா?" என்றார் டாக்டரம்மா.

"மடிஞ்ச காதுப் பக்கமா ஓரமாப் போனா ஒண்ணும் பண்ணமாட்டான் டாக்டர். அந்தப் பக்கம் கொஞ்சம் காது மந்தம். நான் தினம் எனக்கு வலது கைப் பக்கமாத்தான் ஒதுங்கிப் போவேன்." படத்தைப் பார்த்தபடியே வலது கைப் பக்கம் சுவரோரமாக ஒதுங்கிக் காட்டினார். மடிந்த காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

கூடமே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, படத்துக்குப் பக்கத்தில் போய்க் காதை உற்றுப் பார்த்தார். முதலில் வரைந்தது எப்படி இருந்தது என்று கேட்டார். சின்னவள் காது எந்தப் பக்கம் இருந்தது, ஏன் மாறியது, எப்படித் தெரிந்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வீட்டுக்காரர்கள் வேண்டாமென்றும் நீயாகவா அழித்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள். டாக்டரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

சின்னவள் வாங்கிக்கொண்டு, "மூட்டை எல்லாம் எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஆள் வரணும். புதன்கிழமை ஆகும்."

"வேண்டாம் டாக்டர். எங்கே அடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

முகாம் முடிந்த மத்தியானம் அக்காவும் தங்கையும் பத்தொன்பது மூட்டையைத் தாங்களே இழுத்து வராந்தாவில் அடுக்கினார்கள். கடைசி மூட்டை வெளியே போனதும், அதுவரை பாதி மறைந்திருந்த ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. பெரியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் அறையின் நாலு மூலையிலும் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துப் பிடித்து, எங்கே நிழல் விழவில்லை என்று பார்த்தாள். அந்த இடத்தில் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டாள்.

"படம் வைக்கிற ஸ்டாண்டு இங்கே" என்றாள். "எழுந்திரு அக்கா, போய் எடுத்துட்டு வரலாம்."